பதிவுப் பெட்டியே வடிவம்: சமூக ஊடகத்தில் பரிசோதனை எழுத்துக்கு ஒரு செய்முறை

ஒரு கதையை முழுதாக எழுதி முடித்துவிட்டு, 20 துண்டாக வெட்டி, வரிசையாகப் பதிவிட்டால் வாசகருக்குத் தொந்தரவுதான் மிஞ்சும். தாளில் நிம்மதியாகப் படித்திருக்கக்கூடியதை, விளம்பரங்களுக்கும் சண்டைகளுக்கும் நடுவே தேடித் தேடிப் படிக்கவேண்டியிருக்கும். சமூக ஊடகத்தில் எழுதிப் பார்ப்பதற்கு ஒரே நியாயம், அங்கே மட்டுமே செய்ய முடிகிற ஒன்றைச் செய்வதுதான். ஆகவே கதை என்ன என்று யோசிப்பதற்கு முன், இந்தத் தளம் எழுத்தை என்ன செய்கிறது என்று கேளுங்கள். வெட்டுகிறதா? வரிசையைக் குலைக்கிறதா? 24 மணி நேரத்தில் அழிக்கிறதா? திருத்தியதைக் காட்டிக்கொடுக்கிறதா? அடுத்தவர் குறுக்கே பேச இடம் விடுகிறதா? இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி வடிவத்தை அமையுங்கள். முதல் முயற்சியிலேயே இரண்டு மூன்றைச் சேர்த்தால் விளையாட்டின் விதி வாசகருக்குப் பிடிபடாது. விதி பிடிபடாத இடத்தில் பரிசோதனை வெறும் குழப்பமாகவே தெரியும்.

தளத்தை முதலில் வாசியுங்கள்

எழுதத் தொடங்குமுன் ஒரு வாரம், தேர்ந்தெடுத்த தளத்தில் வாசகராக மட்டும் இருங்கள். ஒரு பதிவுக்கு எவ்வளவு இடம், நீண்ட பதிவு எந்த இடத்தில் மடிந்து ‘மேலும்’ என்று கேட்கிறது, திருத்த முடியுமா, அழித்தால் தடம் நிற்குமா, ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டி கொடுக்கலாமா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016இல் காலவரிசையை விட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்ற கணிப்பின்படி பதிவுகளைக் காட்டத் தொடங்கின. எழுதுபவருக்கு இதன் பொருள் ஒன்றே: உங்கள் 14ஆம் பதிவே ஒருவர் காணும் முதல் பதிவாக இருக்கலாம். முன்கதை தெரியாமல் வந்து நிற்கும் அந்த வாசகரை, அந்த ஒரு பதிவு தனியாக நின்று பிடித்து நிறுத்தவேண்டும்.

இதைச் சரியாகக் கையாண்டவர்களின் உத்தியைக் கவனிப்பது பயன் தரும். 2012 மே மாதம் நியூயார்க்கர் இதழ் ஜெனிஃபர் ஈகனின் சிறுகதை ஒன்றை ட்விட்டரில் 10 இரவுகள், இரவுக்கு ஒரு மணி நேரம் என வெளியிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுக் கட்டங்கள் அச்சிட்ட குறிப்பேட்டில் அவர் அதைக் கையால் எழுதினார். கதை சொல்லும் பெண் ஓர் உளவாளி. அவள் மனத்தில் பதியும் கட்டளைக் குறிப்புகளாகவே கதை நகர்கிறது. கட்டளை வாக்கியம் இயல்பாகவே குறுகியது, தனித்து நிற்பது. வடிவத்துக்கு ஏற்ற குரலைத் தேடிப் பிடித்ததுதான் அங்கே நடந்த வேலை. 2014 ஜூலையில் டேவிட் மிட்செல் 280 ட்வீட்களில் ஒரு கதை எழுதினார்: ஏழு நாள், நாளுக்கு இரு வேளை, வேளைக்கு 20. கதைசொல்லியான சிறுவன் மயக்க மாத்திரையின் பிடியில் துடிப்பு துடிப்பாக யோசிக்கிறான். அதனால் வாக்கியம் துண்டாவதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் தேஜு கோல் வேறு வழியில் போனார். ஒரு கதையின் வரிகளைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து, அவர்கள் தத்தம் கணக்கில் இட்டதை வரிசையாக மறுபகிர்வு செய்தார். எழுத்துக்கூட அல்ல, மறுபகிர்வு என்ற பொத்தானே அங்கே கதைசொல்லி.

மூன்றிலும் வெட்டுக்குக் காரணம் இருந்தது. உங்கள் கதையிலும் ‘இது ஏன் துண்டு துண்டாக வருகிறது’ என்ற கேள்விக்குக் கதைக்குள்ளேயே விடை இருக்கட்டும்: நினைவு தப்புகிறவர், தந்தி போலப் பேசுகிறவர், பணிநேரக் குறிப்பேடு, பழுதடைந்த கருவி, பதில் வராத கடிதங்கள்.

தமிழுக்கு எழுத்துக் கணக்கு வேறு

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைத் தளம் பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது. கணினிகளுக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொது முறையான யூனிகோடில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியெண்கள். ‘க்’ என்பதும் ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து, எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்துக்கு ஐந்து. ‘ஸ்ரீ’ நான்கு.

ஒரு வரியை எண்ணிப் பார்ப்போம்: ‘மழை நின்ற பிறகும் கூரை பேசிக்கொண்டே இருந்தது’. தமிழ் இலக்கணப்படி 22 எழுத்து, ஐந்து இடைவெளி, ஆக 27. குறியெண்படி 39, இடைவெளியோடு 44. எக்ஸ் தளம் (2017 நவம்பர் முதல் இலவசக் கணக்குக்கு வரம்பு 280) இந்த வரியை 44 என்று எண்ணும். எக்ஸைப் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கையின் வரம்பு 300. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதால் இதே வரி அங்கே 27தான். 3,000 பைட் (கணினியின் சேமிப்பு அலகு) என்ற இன்னொரு வரம்பும் அங்கே உண்டு. தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட் என்றாலும், 300 எழுத்து நிரம்பும்போது அதில் பாதியளவே செலவாகும். ஆகவே எக்ஸில் ஒரு பதிவுக்குச் சுமார் 30 முதல் 35 தமிழ்ச் சொற்கள் என்றும், புளூஸ்கையில் 50க்கு மேல் என்றும் வைத்துக்கொள்ளலாம். அதே வகைத் தளங்களான த்ரெட்ஸும், மாஸ்டடானின் இயல்பான அமைப்பும் 500 வரை விடுகின்றன. இன்ஸ்டாகிராம் கேப்ஷன் 2,200. டெலிகிராம் செய்தி 4,096. படத்தோடு வரும் குறிப்பு 1,024. ஃபேஸ்புக் பதிவு 63,206, அதாவது வரம்பே இல்லாததற்குச் சமம்.

எக்ஸில் எந்தச் சுட்டியும் 23ஆக எண்ணப்படும். ஒவ்வொரு எமோஜியும் இரண்டு. முன்கூட்டியே கணக்கிட ஒரு விரிதாள் போதும்: முதல் நெடுவரிசையில் எண், அடுத்ததில் வாசகம், மூன்றாவதில் வாசகத்தின் நீளத்தைச் சொல்லும் சூத்திரம். விரிதாளின் நீளச் சூத்திரம் குறியெண்ணைத்தான் எண்ணும். ஆகவே தமிழ் உரைக்கு எக்ஸின் கணக்கோடு ஒத்துப்போகும்.

வரம்பை முட்டும்வரை நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பதிவும் 270, 275 என்றே வந்தால் படிக்கையில் ஒரே சீராகத் தட்டும். 280க்குள் எழுதும் கதையில் 40 எண்ணிக்கைப் பதிவும் 260 எண்ணிக்கைப் பதிவும் மாறி மாறி வரட்டும். தாளம் அங்கேதான் பிறக்கும்.

இழையைக் கோப்பது

பதிலுக்குப் பதிலாகத் தொடுத்த பதிவுகளின் இழைக்கு நம் மரபில் ஆயத்தமான கருவி ஒன்று இருக்கிறது: அந்தாதி. ஒரு பதிவின் கடைசிச் சொல் அடுத்ததன் முதற்சொல்லாக வந்தால், இழையிலிருந்து பிய்ந்து தனியாகப் பகிரப்பட்ட பதிவும் ‘எனக்கு முன்னும் பின்னும் ஆள் உண்டு’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். கடைசிப் பதிவின் இறுதிச் சொல் முதல் பதிவின் தொடக்கத்தோடு சேர்ந்தால் வட்டம் முழுமையாகும். வாசகர் எந்த இடத்தில் நுழைந்தாலும் சுற்றி வரலாம். வரிசை குலையும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது. முதல் முயற்சிக்கு 9 முதல் 12 பதிவு போதும்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. திரும்பி வரும் சொற்களை மட்டும் முதலில் எழுதுங்கள், 12 பதிவுக்கு 12 சொல். ஒவ்வொன்றும் இரண்டு பொருள் தாங்கக்கூடியதாக இருந்தால் நல்லது: ‘படி’, ‘மறை’, ‘திங்கள்’, ‘ஆறு’. முதற்பதிவில் ஒரு பொருளில் முடிந்து, அடுத்ததில் வேறு பொருளில் தொடங்கும்போதுதான் அந்தாதிக்கு உயிர் வரும்.

2. பதிவுகளைத் தாளிலோ விரிதாளிலோ தனித்தனிக் கட்டமாக எழுதுங்கள். தொடர் உரைநடையாக எழுதிப் பிறகு வெட்டவேண்டாம்.

3. கட்டங்களைக் கலைத்துப் போட்டுப் படியுங்கள். தனியே நின்று எதையும் தராத பதிவு இருந்தால் அதைத் தூக்கிவிட்டு அதன் செய்தியைப் பக்கத்துப் பதிவில் சேருங்கள். ‘அப்போது’, ‘அதன்பின்’, ‘அவன்’ என்று தொடங்கும் பதிவுகள்தாம் பெரும்பாலும் சிக்கும். சுட்டுச் சொல்லுக்குப் பதில் பெயரையே வையுங்கள்.

4. முழுவதையும் வெளியிடுவதற்கு முன் பூட்டிய கணக்கு ஒன்றில் ஒருமுறை ஓட்டி, கைப்பேசியிலும் கணினியிலும் பாருங்கள்.

5. எக்ஸ் எழுதும் பெட்டியில் ஒரே மூச்சில் 25 பதிவு வரை கோத்து வெளியிடலாம். அதற்கு மேற்பட்டதை எப்போதும் இழையின் கடைசிப் பதிவுக்கே பதிலாக இடுங்கள். நடுப்பதிவுக்குத் தவறிப் பதிலிட்டால் இழை இரண்டாகக் கிளைத்து, வாசகருக்கு ஒரு பாதிதான் தெரியும். இழை உடைவதற்கு அடிக்கடி காணும் காரணம் இதுவே.

நேரடியாக, நிமிடத்துக்கு ஒன்றாக வெளியிடும் முறைக்குத் தனி அழகு உண்டு. ஆனால் வாசகர் கூட்டம் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் அது பலிக்கும். நேரத்தை மூன்று நாள் முன்பே அறிவியுங்கள். ஒரு வேளைக்கு 20 பதிவைத் தாண்டினால் பின்தொடர்பவர்களின் திரையை அடைத்துக்கொள்வீர்கள். பலர் மௌனமாக விலகுவார்கள். நடுவில் எழுத்துப் பிழை கண்டால் அந்தப் பதிவை அழித்து மறுபடி இடாதீர்கள், இழையில் ஓட்டை விழும். பிழையோடு விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின் தனிப் பதிவில் திருத்தம் சொல்லலாம்.

எண்ணிடுவதா வேண்டாமா? வரிசை மாறினால் பொருள் கெடும் என்றால் ‘3/12’ என்று இடுங்கள். அந்தாதியாக இருந்தால் எண் தேவையில்லை. சொல்லே வழி காட்டும்.

கிளைக்கதை

வாசகர் தேர்வுக்கேற்பப் பிரியும் கதைக்கு எக்ஸைவிட டெலிகிராம் பொதுச் சேனல் வசதியானது. ஒவ்வொரு செய்திக்கும் தனிச் சுட்டி உண்டு. இட்ட செய்தியைப் பிறகு திருத்திச் சுட்டியைச் செருகலாம். எக்ஸின் இலவசக் கணக்கில் திருத்த வழியில்லாததால் கதையைக் கடைசியிலிருந்து எழுதவேண்டும்: முதலில் முடிவுகளை இடுங்கள், அவற்றின் சுட்டிகளை எடுத்து அதற்கு முந்தைய முடிச்சுகளில், அதாவது கதை பிரியும் பதிவுகளில், வையுங்கள், இப்படியே பின்னோக்கி வந்து தொடக்கப் பதிவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வெளியிடுங்கள். அதுவரை இந்தச் சிதறல் பதிவுகள் பின்தொடர்பவர் கண்ணில் படும் என்பதால், இதற்கென்றே ஒரு புதுக் கணக்கு தொடங்குவது நலம்.

முடிச்சுகளின் கணக்கை முன்பே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு வழி என்றால் மூன்று படிக்கு 7 பதிவு, நான்குக்கு 15, ஐந்துக்கு 31. ஆறாம் படியில் 63. அத்தனையையும் ஒரே தரத்தில் எழுத யாராலும் எளிதில் ஆகாது. நடுவில் சலித்துப்போய் எழுதிய கிளைகள் தெளிவாகத் தெரியும். இரண்டாம் படிக்குப் பிறகு கிளைகளை மறுபடி ஒன்றுசேர விடுங்கள். வெவ்வேறு வழியில் ஒரே பதிவுக்கு வந்து சேரும் இரு வாசகர்களுக்கு, அதே வரி இரு வேறு பொருள் தருமாறு எழுதுவதுதான் இந்த வடிவத்தின் உச்சம். அதற்காகவே இதைச் செய்யலாம்.

வாக்கெடுப்பால் கதையை நகர்த்துவதும் உண்டு. எக்ஸ் வாக்கெடுப்பில் இரண்டு முதல் நான்கு தெரிவுகள், ஐந்து நிமிடம் முதல் ஏழு நாள் வரை. தெரிவுக்கு 25 எண்ணிக்கைதான் இடம். ‘அழைப்பை எடுக்காதே’ என்பது 17, அடங்கும். ‘மாடிக்குத் திரும்பிப் போகட்டும்’ 31, அடங்காது. ஏவல் வினையில் எழுதுங்கள், இடம் மிச்சம். எந்தத் தெரிவு வென்றாலும் எழுதத் தயாராக, ஒவ்வொன்றுக்கும் அடுத்த பதிவின் முதல் வரியையாவது முன்பே வைத்திருங்கள். ஒரு தெரிவை மட்டும் மனத்தில் வைத்து வாக்கெடுப்பு நடத்தினால் வாசகர் இரண்டாம் முறையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

படமாக எழுத்து, ஸ்டோரியாக எழுத்து

வரியின் இடமும் வெற்றிடமும் முக்கியமான கவிதையை உரையாக இடாதீர்கள். அடுத்தடுத்த இடைவெளிகளைத் தளங்கள் சுருக்கிவிடும், வரித் தொடக்க இடைவெளியை நீக்கிவிடும், திரை அகலத்துக்கேற்ப வரியை மடிக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறப்பு இடைவெளிக் குறிகளைத் திணித்துச் சமாளிக்கலாம் என்றாலும், திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்கு அவை உளறலாகக் கேட்கக்கூடும். படமாக்கி, மாற்று உரைப் பெட்டியில் முழுக் கவிதையையும் எழுதிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080×1350 புள்ளி (பிக்சல்) அளவில் செய்யுங்கள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் நீள்வதால் வரியிடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். எழுத்தளவு 44 புள்ளிக்குக் குறைந்தால் கைப்பேசியில் கண் நோகும். ‘கெ’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? ஃபோட்டோஷாப்பில் உரை இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும்.

நகர்த்திப் பார்க்கும் படத்தொகுப்பில் 2024 முதல் 20 படம் வரை வைக்கலாம். 20ஐயும் நிரப்பவேண்டியதில்லை, 7 அல்லது 8 போதும். வாக்கியம் ஒன்றைப் படத்தின் விளிம்பில் முறிப்பதுதான் இதன் வலிமை: ‘அவள் கதவைத் திறந்து’ என்று ஒரு படம் முடிய, விரல் நகர்த்தும் அந்தக் கணம் வரியின் பகுதியாகிவிடும். முதல் படத்தைக் கடந்து போனவருக்கு இன்ஸ்டாகிராம் பின்னொரு வேளை இரண்டாம் படத்திலிருந்து காட்டுவதுண்டு. ஆகவே இரண்டாம் படமும் தொடக்கமாக நிற்கவேண்டும்.

24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிக்கு 1080×1920. மேலே 250 புள்ளியும் கீழே 340 புள்ளியும் காலியாக விடுங்கள். அங்கே கணக்குப் பெயரும் பதில் பெட்டியும் வந்து மறைக்கும். ஒரு சட்டத்துக்கு (ஸ்டோரியில் ஒரு நேரத்தில் தெரியும் ஒரு படத்துக்கு) 12 முதல் 15 சொல், அதற்குமேல் வைத்தால் படிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடும். விரலை அழுத்திப் பிடித்தால் சட்டம் நிற்கும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நியூயார்க் பொது நூலகம் 2018 ஆகஸ்டில் செவ்விலக்கியங்களை ஸ்டோரியில் வெளியிட்டபோது, பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கட்டைவிரல் வைக்க ஓர் இடம் வரைந்து, அங்கே அழுத்தினால் நிற்கும், எடுத்தால் பக்கம் புரளும் என்று செய்தது. தளத்தின் ஒரு சிறு பழக்கத்தையே புத்தகம் புரட்டும் செயலாக மாற்றிய இந்த யோசனை, சிக்கலான எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் யாரும் செய்யக்கூடியது.

தமிழுக்கே உரிய ஒரு சின்ன விளையாட்டும் உண்டு. உயிர்மெய்யைப் பிளந்து குறியை மட்டும் தனியே இட்டால், ‘◌ா’, ‘◌ெ’ என்று புள்ளி வட்டத்தோடு அது தோன்றும். மெய் இழந்த உயிர் எப்படி இருக்கும் என்பது கண்முன் நிற்கிறது. இழப்பைப் பற்றிய கவிதையில் ஓரிடத்தில் பயன்படுத்திப் பாருங்கள், ஓரிடத்தில் மட்டும்.

திருத்தமும் அழிவும்

அடித்து எழுதிய கவிதைக்கு வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் ஏற்றவை. வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் அலைக்குறி இட்டால் குறுக்குக் கோடு விழும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கூடாது. எக்ஸில், முந்தைய எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் இணைப்புக் குறிகளைக் கொண்டு கோடு போடும் தந்திரம் ஆங்கிலத்துக்கு ஓடும். தமிழில் பல கைப்பேசிகளில் எழுத்துகள் சிதறும். தவிருங்கள்.

ஃபேஸ்புக் பதிவைத் திருத்தினால், பழைய வடிவங்கள் எல்லாம் திருத்த வரலாற்றில் நிற்கும். பதிவைப் பார்க்க முடிகிறவர் அதையும் பார்க்கலாம். இது பெரிய வாய்ப்பு. ஒரு பத்தியை இடுங்கள். நாளுக்கு ஒருமுறை, ஏழு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். ஒருவர் தன் வாக்குமூலத்தை மெல்ல மெல்லத் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வது போன்ற கதைக்கு இந்த வடிவம் கச்சிதம்: மேலே நிற்பது பொய், வரலாற்றில் இருப்பது மெய். பதிவின் கடைசி வரியில் திருத்த வரலாற்றைப் பார்க்கச் சொல்லும் குறிப்பு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வாட்ஸ்அப் இதற்கு நேர்மாறு. அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ‘திருத்தப்பட்டது’ என்ற அடையாளம் மட்டும் நிற்கும், பழையது தெரியாது. எல்லோருக்கும் அழித்தால் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி அந்த இடத்திலேயே இருக்கும். சுமார் 2 நாள் 12 மணி நேரம் வரை இப்படி அழிக்கலாம். 15 செய்திகளில் மூன்றை அழித்துவிட்ட உரையாடல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அழிக்குமுன் படித்தவருக்கு ஒரு கதை, பின்னால் வந்தவருக்கு வேறு கதை. இருவரும் பேசிக்கொள்ளும்போது மூன்றாவது கதை. குழுவில் உறுப்பினர்களின் தொலைபேசி எண் ஒருவருக்கொருவர் தெரியும் என்பதால், அறிமுகமானவர்களோடு மட்டும், முன்னரே சொல்லிச் செய்யுங்கள்.

மாஸ்டடானில், எச்சரிக்கை வரியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் உள்ளடக்க எச்சரிக்கை மடிப்பைக் கேள்வி வெளியே, விடை உள்ளே என்று பயன்படுத்தலாம். ஆனால் அங்குள்ளவர்கள் அந்த எச்சரிக்கையை உண்மையாகவே நம்பி வாழ்கிறவர்கள். மடிப்புக்கு வெளியே ஒன்று சொல்லி உள்ளே அதிர்ச்சி வைப்பது அநியாயம்.

பாத்திரத்துக்குக் கணக்கு தொடங்கும்போது

கற்பனை மனிதர் பெயரில் கணக்கு நடத்துவது வலுவான வடிவம். அதிகம் காயப்படுத்துவதும் அதுதான். கலைஞர் அமாலியா உல்மன் 2014இல் சில மாதங்கள் இன்ஸ்டாகிராமில் ஒரு கற்பனை வாழ்வை நடித்துக் காட்டி, முடிந்தபின்தான் அது கலைப்படைப்பு என்று வெளிப்படுத்தினார். அதைப் பார்த்து அப்படியே செய்யத் தோன்றும். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நோய், தற்கொலை எண்ணம், காணாமல்போன குழந்தை போன்றவற்றைப் புனைவென்று சொல்லாமல் எழுதினால் முகம் தெரியாத மனிதர்கள் உண்மையில் பதறி உதவிக்கு ஓடி வருவார்கள். அடுத்த முறை உண்மையான ஆபத்தில் இருப்பவரை நம்பமாட்டார்கள். கணக்கின் பெயரிலோ அறிமுக வரியிலோ ‘புனைவு’ என்று எழுதுங்கள். கதையின் ஈர்ப்பு அதனால் குறைந்தால், குறை கதையில் இருக்கிறது.

போலி உரையாடல் திரைப்பிடிப்பு, போலிச் செய்தி அட்டை ஆகியவற்றில் ‘புனைவு’ என்ற சொல் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். படம் கேப்ஷனை விட்டுவிட்டுத் தனியே பயணம் போகும். ஃபேஸ்புக்கில் கற்பனைப் பெயரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் விதிமீறலாகி மூடப்படலாம்; பக்கமாகத் தொடங்குங்கள். இன்ஸ்டாகிராம் செயலியில் ஐந்து கணக்குகள்வரை மாற்றி மாற்றி நுழையலாம். மூன்று பாத்திரத்துக்குமேல் ஒருவரே நடத்தினால் எந்தக் குரலில் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பது குழம்பும். பாத்திரத்துக்கு ஒரு தாள் வைத்து, அவர் ஒருபோதும் பயன்படுத்தாத பத்துச் சொற்களை எழுதி வையுங்கள். பயன்படுத்தும் சொற்களைவிட அது அதிகம் உதவும்.

தானே எழுதும் கணக்கு

பட்டியல்களிலிருந்து சொற்களை எடுத்துக் கோத்து, குறித்த நேரத்தில் தானே பதிவிடும் கணினி நிரலும் எழுத்துத்தான். கவிஞரும் நிரலாளருமான அலிசன் பாரிஷின் கணக்கு ஒன்று 2007 முதல் 2014 வரை, அரை மணிக்கு ஒன்றாக ஆங்கிலச் சொற்களை வரிசையாக ட்வீட் செய்தது. 2023இல் ட்விட்டர் தன் இலவச நிரல் அணுக்கத்தை (வெளி நிரல்கள் தளத்தில் பதிவிட விடும் வசதியை) குறுக்கியபோது இத்தகைய கணக்குகள் பல நின்றுபோயின. இப்போது தொடங்குபவர் மாஸ்டடானையோ புளூஸ்கையையோ பார்க்கலாம். மாஸ்டடானில் இது தானியங்கிக் கணக்கு என்று குறிக்கும் பெட்டி உண்டு. அதைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் இதைச் செய்யும்போது இலக்கணம் முன்னால் வந்து நிற்கும். ஆங்கில வார்ப்புருவைப்போல (வெற்றிடம் விட்ட மாதிரி வாக்கியம்) வெற்றிடத்தில் பெயரைப் போட்டால் ‘மரம்ஐ’ என்றும், ‘அவள் வந்தான்’ என்றும் வரும். தீர்வு மூன்று.

ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் தேவையான வேற்றுமை வடிவத்திலேயே சேமியுங்கள்: மரம், மரத்தை, மரத்தில், மரத்துக்கு. நிரலிடம் உருபைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். வினையைத் தன்மை ஒருமையிலோ ஏவலிலோ வைத்தால் திணை, பால் பொருத்தச் சிக்கல் அடியோடு போய்விடும்: ‘கிணற்றில் நிலவை மறந்தேன்’. வலி மிகும் இடத்துக்கு, மிகும் மெய்யை வினைப் பட்டியலிலேயே முன்னால் ஒட்டி வையுங்கள்: ‘த் தொலைத்தேன்’, ‘க் கண்டேன்’, ‘ப் புதைத்தேன்’. இரண்டாம் வேற்றுமைச் சொல்லோடு இடைவெளியின்றிச் சேர்த்தால் ‘நிலவைத் தொலைத்தேன்’ என்று சரியாக விழும். மகரம், வகரம், உயிரெழுத்து ஆகியவற்றில் தொடங்கும் வினைக்கு முன்னால் வெறும் இடைவெளி.

20 இடம், 20 பொருள், 20 வினை என்றால் 8,000 வாக்கியம். ஆறு மணிக்கு ஒன்றாக இட்டால் 2,000 நாள் ஓடும். ஆனால் ஒரே வார்ப்புரு 30 பதிவுக்குள் சலித்துவிடும். குறைந்தது ஐந்து வார்ப்புரு வையுங்கள், அவற்றில் ஒன்று அரிதாக மட்டும் வரட்டும். கடைசி 50 சேர்க்கைகளை நினைவில் வைத்துத் திரும்பாமல் பாருங்கள். மனிதக் கூட்டங்களைக் குறிக்கும் சொற்களும் வன்முறை வினைகளும் ஒரே பட்டியலில் இருக்கக்கூடாது. தற்செயலாக உருவாகும் கொடிய வாக்கியத்துக்கும் பொறுப்பு பட்டியல் எழுதியவருடையதே.

உரிமையும் சேமிப்பும்

தளத்தில் இட்டாலும் எழுத்தின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதைக் காட்டவும் பரப்பவும் தளத்துக்கு உரிமம் தருகிறீர்கள். வாசகர் எழுதிய கமெண்ட் அவருடையது. கமெண்ட்களைக் கதைக்குள் சேர்க்கும் திட்டம் இருந்தால் தொடக்கப் பதிவிலேயே சொல்லுங்கள், நூலாக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியே அனுமதி கேளுங்கள். பல இதழ்கள் சமூக ஊடகத்தில் வந்ததை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும். அனுப்ப நினைக்கும் படைப்பென்றால் முன்பே விதியைப் படித்துவிடுங்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எல்லாப் பொது ட்வீட்களையும் சேகரித்து வந்தது. 2017 இறுதியோடு அதை நிறுத்தித் தேர்ந்தவற்றை மட்டும் எடுக்கத் தொடங்கியது. உங்கள் படைப்பை நீங்களேதான் காக்கவேண்டும். தளத்தின் அமைப்புப் பகுதியில் தரவுப் பிரதி கேட்டால் கிடைக்கும். ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் அதில் உங்கள் பதிவுகள் மட்டுமே இருக்கும், பிறர் பதில்களும் திரையில் தெரிந்த தோற்றமும் இராது. அதற்கு, இணையப் பக்கங்களைச் சேமிக்கும் கருவிகள் செய்யும் வெப்ரெக்கார்டர் குழுவின் ஆர்கைவ்வெப்.பேஜ் (ArchiveWeb.page) நீட்சியை உலாவியில் நிறுவி, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தியபின் இழையை மேலிருந்து கீழ்வரை மெல்ல உருட்டுங்கள். மடிந்த பதில்களையும் ஒவ்வொரு படத்தையும் திறந்து பாருங்கள், திறக்காதது பதிவாகாது. 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியை வெளியிட்ட அன்றே திரைப்பதிவு எடுங்கள். விரிதாளில் பதிவின் சுட்டி, வெளியிட்ட நாள், நேரம் மூன்றையும் அன்றன்றே நிரப்புங்கள். நேர இடைவெளியும் படைப்பின் பகுதி என்றால் அதை வேறெங்கிருந்தும் மீட்க முடியாது. கடைசியாக, சேமித்த கோப்பை இணையத்தைத் துண்டித்த வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஏதேனும் பதிவோ படமோ வெறுமையாக வந்தால், மூலம் தளத்தில் இருக்கும்போதே அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவு செய்துவிடுங்கள்.